மூத்தவள் மூதேவி ஆன கதை

விளக்கு வைக்கிற நேரத்தில் படுத்துக் கிடந்தால் போதும், "எந்திரி மூதேவி!" என்பாள் பாட்டி. திட்டுகிறாள் என்று தெரியும். யாரைச் சொல்லித் திட்டுகிறாள் என்று அப்போது தெரியாது.

மூதூர், மூதாட்டி, மூதறிஞர் எல்லாமே மதிப்பான சொற்கள். அதே 'முது' தேவியோடு சேர்ந்தால் மட்டும் வசையாகிவிடுகிறது. சொல்லுக்குள் இருப்பதோ வயது மட்டுந்தான். பாற்கடலைக் கடைந்தபோது திருமகளுக்கு முன்னால் எழுந்தவள், அதனால் அக்காள். வடமொழியில் ஜ்யேஷ்டா, தமிழ் நாக்கில் அது சேட்டை ஆனது. (பிள்ளைகள் பண்ணும் சேட்டை வேறு, அது 'சேஷ்டை'யிலிருந்து வந்தது.) நட்சத்திரத்தின் பெயரானபோது அதே சொல் கேட்டை. இன்னொரு பெயரான தவ்வைக்கும் தமக்கை என்றே பொருள்.

வள்ளுவர் காலத்திலேயே அவளுக்கு நல்ல பெயர் இல்லை. பொறாமைக்காரனைத் திருமகள் தன் தவ்வைக்குக் காட்டிக்கொடுத்துவிடுவாள் என்கிறார். சோம்பலில் முகடி, அதாவது மூதேவி, குடியிருக்கிறாள் என்கிறார். பாட்டியின் திட்டுக்கு வேர் அங்கேயே இருக்கிறது.

ஆனால் கல் வேறு கதை சொல்கிறது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர்கள் அவளைச் செதுக்கினார்கள். திருப்பரங்குன்றத்தில் 8-ஆம் நூற்றாண்டில் பாண்டிய அதிகாரி ஒருவரின் மனைவி நக்கன் கொற்றி, துர்க்கையோடு சேட்டைக்கும் கோயில் எடுத்தாள். பெருத்த வயிறு, காக்கைக் கொடி, ஒருபுறம் மாட்டுமுக மகன், மறுபுறம் மகள்: பிள்ளைகுட்டியோடு சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் குடும்பத் தலைவி அவள். அவளிடம் போய்ச் செல்வம் கேட்கிறீர்களே என்று தொண்டரடிப்பொடியாழ்வார் 'திருமாலை'யில் ஏசுகிறார். ஏசியதால்தான் நமக்கு ஒன்று தெரிகிறது: கேட்கிற கூட்டம் இருந்திருக்கிறது! இன்று செல்வத்தை விரட்டுபவள் என்று நாம் பழிப்பவளிடம்தான் அன்று செல்வத்துக்குக் கையேந்தி நின்றார்கள்.

பிறகு கும்பிடு நின்றது, பெயர் மட்டும் வாயில் தங்கியது. குளத்தங்கரையிலும் வயலிலும் தவ்வைச் சிலை கிடைத்ததாக இப்போதும் அவ்வப்போது செய்தி வருகிறது.

அவள் அடையாளங்களில் துடைப்பமும் ஒன்று. எங்கள் வீட்டில் அதை மிதித்துவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்வாள் பாட்டி. ஏன் என்று கேட்டால், "அது மகாலட்சுமிடா" என்பாள்.