ஊதாதே: ஒரு பிரேக் பேடின் கதை

எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறேன்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலையில, எங்க அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல உட்கார்ந்து என் காரோட முன்பக்க டிஸ்க்கையும் பேடையும் நானே மாத்தினேன். நாள் முழுக்க கீபோர்டைத் தட்டிக்கிட்டே இருக்கிறவனுக்கு, கையில கிரீஸ் ஒட்டுற வேலைன்னா ஒரு ஆசை இருக்கத்தானே செய்யும்?

வண்டி தரையில இருக்கும்போதே வீல் நட்டைக் கொஞ்சம் தளர்த்தியாச்சு. அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு மேல உட்கார வெச்சு, சக்கரத்தைக் கழட்டினேன். கேலிப்பரைப் பிடிச்சிருக்கிற ரெண்டு போல்ட்டையும் எடுத்து, பிரேக் ஹோஸ்ல எடை விழாதபடி கேலிப்பரை ஒரு கம்பியால ஸ்பிரிங்கோட சேர்த்துக் கட்டினேன். பழைய பேடை உருவிப் பார்த்தா, 3 மில்லிமீட்டர்கூட மிச்சமில்ல. இடுக்கு முழுக்க கறுப்பா தூசி. குனிஞ்சு, மூச்சை இழுத்து, வாயால ஊதப் போனேன்.

"டேய், ஊதாதடா!"

பிளாஸ்டிக் சேர் போட்டு வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்த பெரியப்பா. முப்பத்தஞ்சு வருஷம் லாரி ஒர்க்‌ஷாப்ல வேலை பார்த்தவர். பாதி நாள் பிரேக் வேலைதான். இப்போ ரெண்டு மாடி ஏறினா நடுவுல ஒரு தடவை நின்னு மூச்சு வாங்குவார். நுரையீரல்ல தழும்பு இருக்குன்னு டாக்டர் சொன்னாராம். சொல்லிட்டு, "நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"ன்னு கேட்டாராம். "அந்தக் கேள்விய முதல்முதலா ஒருத்தர் கேட்டப்போ எனக்கு அறுபத்தாறு வயசுடா"ன்னார் பெரியப்பா. அவரோட தழும்புக்கு எது காரணம்னு இன்னிக்கு யாராலும் உறுதியா சொல்ல முடியல. அவர் பீடியும் குடிச்சிருக்கார். ஆனா அந்தக் கேள்வி என்னை விடல. பிரேக் தூசியில அப்படி என்னதான் இருந்தது? அது எப்படி அங்கே வந்தது? இந்த எபிசோடு அதைப் பத்தித்தான்.

நிற்கிறதுன்னா என்ன?

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. 1,000 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல போகுது. அதோட இயக்க ஆற்றல் ஏறக்குறைய 386 கிலோஜூல். வண்டியை நிறுத்துறோம்னா, இந்த ஆற்றலை அழிக்கல, வெப்பமா மாத்துறோம். அறை வெப்பத்துல இருக்கிற ஒண்ணேகால் லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்க அந்த வெப்பம் போதும். அத்தனையும் சில விநாடியில, பெரும்பகுதி முன்பக்க ரெண்டு டிஸ்க்ல இறங்குது. பிரேக் போடும்போது வண்டியோட எடை முன்னாடி சாயுறதால, முன் பேடு சீக்கிரம் தேயுறதும் இதனாலதான்.

உராய்வுன்னா தேய்மானம் இருந்தே தீரும். ஆக பிரேக் பேடுங்கிறது தேய்ஞ்சுபோறதுக்கென்றே செய்யப்பட்ட பொருள். அதோட வரலாறு முழுக்க ரெண்டு கேள்விதான்: எதைத் தேய விடுறது? தேய்ஞ்சது யார் மேல போய் விழுது? முதல் கேள்வியைப் பொறியாளர்கள் நல்லாவே கேட்டாங்க. ரெண்டாவது கேள்விக்கு ரொம்ப நாள் ஆச்சு.

மரக்கட்டை மேல ஒரு தோல்

1888 ஆகஸ்ட். ஜெர்மனியின் மன்ஹைம் நகரம். கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியை, அவரிடம் சொல்லாமலே அதிகாலையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ். கூடவே இரண்டு மகன்கள், ஓய்கனும் ரிச்சர்டும். போய்ச் சேர வேண்டிய இடம், நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஃபோர்ட்ஸ்ஹைம். அவருடைய அம்மா வீடு.

வழியில எரிபொருள் குழாய் அடைச்சுக்கிட்டது. தொப்பி ஊசியால குத்திச் சரி பண்ணினார். மருந்துக்கடையில லிக்ராயின் வாங்கி எரிபொருளா ஊத்தினார். இறக்கங்கள்ல மரத்தாலான பிரேக் கட்டை தேய்ஞ்சுபோச்சு. அப்போ அவர் தேடிப் போனது மெக்கானிக்கை இல்ல. அப்படி ஒரு தொழிலே அன்னிக்குக் கிடையாது. செருப்பு தைக்கிற ஒருத்தர்கிட்ட போய், அந்தக் கட்டை மேல தோலை வெச்சு ஆணி அடிக்கச் சொன்னார்.

இன்னிக்கு நாம 'பிரேக் லைனிங்'னு சொல்றதோட முழு யோசனையும் அதுல இருக்கு. கட்டை அப்படியே இருக்கட்டும்; மேல ஒட்டியிருக்கிறது மட்டும் தேயட்டும்; தேய்ஞ்சா மாத்திக்கலாம். பார்க்கிங்ல உட்கார்ந்து பேடு மாத்துற நாம எல்லாருமே அந்தம்மாவோட வாரிசுகள்தான். தோல் தேய்ஞ்சா என்ன ஆகும்? தோல் தூள் ரோட்டுல விழும். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்ல.

செம்பு, பழைய பூட்ஸ், ஒரு நார்

1902-ல் பிர்மிங்ஹாமைச் சேர்ந்த ஃபிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். சுழலும் ஒரு உலோகத் தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்வும் பேடு. அடிப்படையில் நான் அன்னிக்குக் கழட்டினதும் அதேதான். ஆனா அவர் பேடுக்குப் பயன்படுத்தினது செம்பு. உலோகமும் உலோகமும் உரசினா என்ன சத்தம் வரும்னு சொல்லவே வேண்டாம். அன்னிக்கு ரோடெல்லாம் புழுதி வேற. செம்பு சீக்கிரமே தேய்ஞ்சது. ஏறக்குறைய அதே காலத்துல பிரான்ஸ்ல லூயி ரெனோ ட்ரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். மூடின ட்ரம்முக்கு உள்ளே ஷூ விரிஞ்சு உரசும். சக்கரம் சுத்துற சுத்தே ஷூவை இன்னும் இழுத்து அழுத்தும். அதனால காலால லேசா மிதிச்சாலே போதும். அடுத்த அரை நூற்றாண்டுக்கு ட்ரம்தான் ராஜா.

அந்த ஷூ மேல எதை ஒட்டுறது? இங்கேதான் ஹெர்பர்ட் ஃப்ரூட் வர்றார். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில், இறக்கத்தில் வரும் குதிரைவண்டிக்காரர்கள் பழைய பூட்ஸை பிரேக் கட்டையாகப் பயன்படுத்தியதைப் பார்த்து, இதைவிட நல்லதாக ஒன்று செய்யலாமே என்று 1897-ல் ஆரம்பித்தார். தன் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து 'ஃபெரோடோ' என்று தன் பொருளுக்குப் பெயர் வைத்தார்.

முதல்ல பருத்தித் துணியில பிசின் ஏத்திப் பார்த்தார். மோட்டார் வண்டியோட வேகத்துக்கு அது கருகிப்போச்சு. 1908 வாக்குல அவர் கைக்கு வந்த தீர்வு அஸ்பெஸ்டாஸ். ஒரு பொறியாளனா யோசிச்சா, அதைவிடப் பொருத்தமான பொருளே இல்ல. கல்லுல இருந்து வெட்டி எடுக்கிற நார். நூலா நூற்கலாம், துணியா நெய்யலாம், எரியாது, பலமா இருக்கும், விலையும் குறைவு. தேவைப் பட்டியல்ல இருந்த எல்லாத்தையும் அது பூர்த்தி பண்ணிச்சு. பட்டியல்லயே இல்லாத ஒண்ணே ஒண்ணு: தேயும்போது அந்த நார் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பிளந்து, காத்துல மிதந்து, நுரையீரலோட அடிவரைக்கும் போகும்.

ரோச்டேல், 1924

நெல்லி கெர்ஷாவோட பேரை நீங்க கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. இங்கிலாந்தின் ரோச்டேலில், டர்னர் பிரதர்ஸ் அஸ்பெஸ்டாஸ் ஆலையில் நாரை நூலாக நூற்றவர். 1924 மார்ச்சில், 33 வயதில் இறந்தார். நிறுவனம் பொறுப்பேற்க மறுத்தது. அடக்கச் செலவுக்குக்கூடக் கொடுக்கவில்லை. வில்லியம் எட்மண்ட் குக் என்ற மருத்துவர் அவருடைய நுரையீரலைப் பரிசோதித்து, தழும்பேறிய திசுக்களுக்குள் தாதுத் துகள்களைக் கண்டார். அதே வருடம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அந்த நோய்க்கு அஸ்பெஸ்டோஸிஸ் என்ற பெயர் நிலைத்தது. ஓரிரு வருடத்தில் ஃபெரோடோவும் டர்னர் அண்ட் நியூவால் என்ற அதே குழுமத்துக்குள் வந்து சேர்ந்தது.

1930-ல் மெரிவெதரும் பிரைஸும் பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, தூசிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை உறுதியாகவே சொன்னது. அடுத்த வருடம் விதிகள் வந்தன. ஆனா அந்த விதிகள் தொழிற்சாலைக்குள்ள நடக்கிற சில வேலைகளுக்கு மட்டும்தான். அங்கே செஞ்ச லைனிங் ஊர் ஊரா போய் வண்டியில மாட்டி, தேய்ஞ்சு, ட்ரம்முக்குள்ள மாவா சேர்ந்திருக்கும்போது அதைத் திறக்கிறவன் அந்தக் கணக்குல வரவே இல்ல.

இங்கே நியாயமா ஒண்ணு சொல்லணும். பிரேக்கோட கடும் வெப்பத்துல அஸ்பெஸ்டாஸ்ல பெரும்பகுதி வேற தாதுவா மாறிடும். அதனால மெக்கானிக்குகளுக்கு எவ்வளவு ஆபத்துங்கிறதுல ஆய்வாளர்கள் நடுவுல நீண்ட சர்ச்சை உண்டு. ஆனா மாறாம மிஞ்சுற நாரும் இருக்கு. புது லைனிங்கை அளவுக்குத் தேய்ச்சு, துளை போட்டு, ரிவிட் அடிக்கும்போது கிளம்புற தூசியில வெப்பமே படாத நார் இருக்கு. பெரியப்பா சொன்னது இதுதான்: "ஏர் அடிச்சு ஊதுவோம்டா. மாவு மில்லு மாதிரி ஆகிடும். சட்டையோட வீட்டுக்கு வந்து, உங்க பெரியம்மா அதை உதறித்தான் துவைப்பா."

அந்தச் சட்டையை உதறின பெரியம்மா எந்தக் கணக்குல வருவாங்க?

டிஸ்க் திரும்பி வந்தது

ட்ரம் தோத்தது தூசியால இல்ல, வெப்பத்தால. சூடானா ட்ரம் வெளிப்பக்கமா விரியும்; ஷூவை விட்டு விலகும். மூடின அமைப்புங்கிறதால சூடு வெளியேற வழியில்ல. மலை இறக்கத்துல திரும்பத் திரும்ப மிதிச்சா பிரேக் கைவிட்டுடும். டிஸ்க் திறந்தவெளியில சுத்துது, காத்து படும், சூட்டுல தடிச்சாலும் பேடை நோக்கித்தான் வரும். ஆனா ட்ரம் மாதிரி தன்னால இழுத்து அழுத்தாது. நிறைய விசை வேணும். அதுக்கு ஹைட்ராலிக்ஸ் வந்து முதிர வேண்டியிருந்தது. லான்செஸ்டரோட யோசனை ஐம்பது வருஷம் காத்திருந்ததுக்கு முக்கியமான ஒரு காரணம் அதுதான்.

விமானச் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் செஞ்சுக்கிட்டிருந்த டன்லப், ஜாகுவாரோட சேர்ந்து அதைப் பந்தய காருக்குக் கொண்டுவந்தது. 1953 லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஓட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றது. அந்தப் பந்தயத்தின் வரலாற்றிலேயே சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அப்போதுதான். வேகமா நிக்க முடிஞ்சவன்தான் வேகமா ஓட முடியும்னு உலகத்துக்குப் புரிஞ்சது. 1956-ல் டிரையம்ப் டிஆர்3 காரில் கெர்லிங் நிறுவனத்தின் டிஸ்க் முன்சக்கரங்களுக்கு வந்தது. அதே கெர்லிங் கூட்டோடுதான் 1962-ல் நம்ம சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது.

ஆனா கவனிங்க: மாறினது அமைப்புதான். அதுக்கப்புறமும் பல வருஷம் டிஸ்க் பேடுகள்லயும் அஸ்பெஸ்டாஸ் இருந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு மெக்கானிக்குகளுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது 1986-ல். நெல்லி கெர்ஷா இறந்து 62 வருஷம் கழிச்சு. பிரிட்டனில் முழுத் தடை 1999-ல். அமெரிக்காவில் கிரிசோடைல் அஸ்பெஸ்டாஸுக்குத் தடை ஆணை 2024-ல். இந்தியாவில் இன்னும் முழுத் தடை கிடையாது. அதனால பேடு வாங்கும்போது டப்பாவில 'அஸ்பெஸ்டாஸ் இல்லாதது'ன்னு போட்டிருக்கான்னு பாருங்க.

கதை முடியல

அஸ்பெஸ்டாஸ் போன இடத்துல எஃகு நார், அராமிட் நார், செராமிக், அப்புறம் செம்புத்தூள் வந்தது. ஆமா, லான்செஸ்டரோட அதே செம்பு. வெப்பத்தை நல்லா கடத்தும். இந்தத் தடவை அது மழைத்தண்ணியோட ஓடைக்குப் போய், சால்மன் மீனோட மோப்ப சக்தியைப் பாதிச்சது. கலிஃபோர்னியாவும் வாஷிங்டனும் 2010-ல் சட்டம் போட்டன. கலிஃபோர்னியாவில் 2021-ல் 5 சதவீதம், 2025-ல் 0.5 சதவீதம் என்று செம்பின் அளவு இறங்கியது. 2024-ல் நிறைவேறிய ஐரோப்பாவின் யூரோ 7 விதிகள், புகைக்கு வைக்கிற மாதிரி பிரேக் தூசிக்கும் முதல்முறையா ஒரு வரம்பு வெச்சிருக்கு. ரெண்டாவது கேள்வியை இப்போதான் சட்டமா கேட்க ஆரம்பிச்சிருக்கோம்.

சரி, பார்க்கிங்குக்கு வருவோம். ஊதல. பெரியப்பா சொன்னபடி மாஸ்க் போட்டு, தண்ணி தெளிச்சு, ஈரத்துணியால துடைச்சு, துணியைக் கவர்ல போட்டுக் கட்டினேன். ஹப்ல இருந்த துருவை, ஈரம் காயுறதுக்குள்ள உப்புத்தாளால தேய்ச்சேன். புது டிஸ்க் மேல இருந்த எண்ணெயை பிரேக் கிளீனர் போட்டு எடுத்தேன். பிஸ்டனை மெதுவா உள்ளே தள்ளி, புதுப் பேடை உட்கார வெச்சேன். ரெண்டு பக்கமும் முடிச்சு, பெருமையா சாவியைப் போடப் போனா, மறுபடியும் ஒரு குரல்: "முதல்ல பெடலை மிதிடா!" மிதிச்சேன். பெடல் தரை வரைக்கும் போச்சு. தள்ளி வெச்ச பிஸ்டன் பேடைத் தொடுற வரைக்கும் பிரேக்கே கிடையாது. நாலஞ்சு தடவை மிதிச்சதும் கெட்டியாச்சு. அப்படியே ரிவர்ஸ் எடுத்திருந்தா, பின்னாடி சுவர்.

அன்னிக்கு அவர் ரெண்டு தடவை என்னைத் தடுத்தார். அவருக்கு அந்த வயசுல அப்படிச் சொல்ல யாரும் இல்ல. சொல்ல வேண்டியவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருந்தும். உங்க வீட்டுலயும் இப்படி வேலை பார்த்த ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருந்தா, அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகும்போது, டாக்டர் கேட்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. அவர் என்ன வேலை பார்த்தார்னு நீங்களே முதல்ல சொல்லிடுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.