பழைய மோட்டார் சைக்கிள்களில் மின்கோளாறு கண்டறிதல்: ஒரு வரலாற்றுப் பார்வை

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று உதைத்தும் கிளம்பவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: பெட்ரோல் வரவில்லை, என்ஜினில் அமுக்கம் இல்லை, அல்லது மின்பொறி இல்லை. பெட்ரோல் வருவதைக் கண்ணால் பார்க்கலாம். அமுக்கத்தைக் கிக்கரை மிதிக்கும் காலே உணர்ந்துவிடும். மின்சாரம் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே அதில் ஏற்படும் கோளாறை ஊகித்து ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கும் வழக்கம் உண்டாயிற்று. இதனால் பணம் வீணாவதோடு, மீண்டும் கிடைக்காத மூலப் பாகங்களும் குப்பைக்குப் போகின்றன.

மோட்டார் சைக்கிளின் மின்னமைப்பு ஒரே நாளில் உருவானதன்று. பல கட்டங்களாக வளர்ந்தது. ஒரு கட்டத்து வண்டிக்கு ஏற்ற சோதனை அடுத்த கட்டத்து வண்டிக்குப் பயன்படாமல் போகலாம், கெடுதலும் செய்யலாம். எனவே வண்டி எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என அறிவதே கோளாறு கண்டறிதலின் முதல் படியாகும்.

மேக்னெட்டோ காலம்

காந்தப்புலம் மாறும்போது கம்பிச் சுருளில் மின்சாரம் தோன்றும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். இத்தத்துவத்தில் இயங்குவதே மேக்னெட்டோ. ஜெர்மனியின் ராபர்ட் போஷ் 1897இல் ஒரு மோட்டார் முச்சக்கர வண்டியில் மேக்னெட்டோவைப் பொருத்தினார். அவரது நிறுவனப் பொறியாளர் காட்லோப் ஹொனால்ட் 1902இல் ஸ்பார்க் பிளக்குடன் இயங்கும் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். பிரிட்டன் பெரும்பாலும் ஜெர்மன் மேக்னெட்டோக்களையே நம்பியிருந்தது. 1914இல் முதல் உலகப்போர் மூண்டதும் அந்த வரத்து நின்றது. பிரிட்டன் தானே அவற்றைச் செய்யத் தொடங்கியது.

மேக்னெட்டோவுக்குப் பேட்டரி தேவையில்லை. ஆகவே இவ்வகை வண்டி கிளம்பாதபோது பேட்டரியைச் சோதிப்பது வீண். என்ஜினை நிறுத்தும் பொத்தான், மேக்னெட்டோவின் முதன்மைச் சுருளை வண்டியின் உடலோடு, அதாவது எர்த்தோடு, இணைத்துப் பொறியை நிறுத்துகிறது. அந்த ஒயரின் மேலுறை தேய்ந்து சட்டத்தில் பட்டால், யாரும் பொத்தானை அழுத்தாமலே என்ஜின் நின்றுவிடும். எனவே அந்த ஒயரைக் கழற்றிவிட்டு உதைத்துப் பார்ப்பதே முதல் சோதனை.

குளிர்ந்த நிலையில் நன்றாகக் கிளம்பும் வண்டி, பத்து மைல் ஓடிச் சூடானதும் நின்று, ஆறிய பின் மீண்டும் கிளம்பினால், மேக்னெட்டோவுக்குள் இருக்கும் கண்டென்சரையோ சுருளின் காப்புப் பூச்சையோ சந்தேகிக்க வேண்டும். அக்காலத்தில் காப்புக்கு அரக்கு பூசினார்கள். அது காலப்போக்கில் சூட்டில் இளகிக் கெடும்.

டைனமோவும் அம்மீட்டரும்

தொடக்க கால வண்டிகளில் கார்பைடு விளக்குகள் எரிந்தன. மின்விளக்குகள் வந்தபோது அவற்றுக்காக டைனமோவும் பேட்டரியும் சேர்ந்தன. பர்மிங்காம் நகரின் லூகாஸ் நிறுவனம் மேக்னெட்டோவையும் டைனமோவையும் ஒரே தொகுதியாக்கி விற்றது. இவ்வகை வண்டியில் பொறிக்கும் விளக்குக்கும் தனித்தனி மின்மூலங்கள் உண்டு. விளக்கு அணைந்தாலும் என்ஜின் ஓடும். என்ஜின் நின்றாலும் விளக்கு எரியும். இந்த வேறுபாடே கோளாறு எந்தப் பக்கம் என்று காட்டிவிடும்.

லூகாஸ் டைனமோவில் D, F என இரு முனைகள் உண்டு. ரெகுலேட்டருக்குச் செல்லும் ஒயர்களைக் கழற்றி, இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, அவற்றுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட்மீட்டரை வைத்து என்ஜினை மெல்ல முடுக்க வேண்டும். மின்னழுத்தம் சீராக உயர்ந்தால் டைனமோ நலம். கோளாறு ரெகுலேட்டரிலோ ஒயரிலோ உள்ளது.

ஆல்டர்னேட்டரின் வருகை

1953ஆம் ஆண்டின் டிரையம்ஃப் ஸ்பீடு ட்வின் வண்டியில் மேக்னெட்டோவும் டைனமோவும் நீக்கப்பட்டு, லூகாஸ் ஆல்டர்னேட்டரும் பேட்டரி வழிப் பொறியும் வந்தன. மாறுதிசை மின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்க முதலில் செலீனியம் ரெக்டிஃபையர்களும் பின்னர் சிலிக்கான் ரெக்டிஃபையர்களும் பயன்பட்டன. இப்போது பேட்டரி தீர்ந்தால் விளக்கோடு பொறியும் போய்விடும். இதற்காகவே பல வண்டிகளின் சாவியில் அவசர நிலை ஒன்று வைக்கப்பட்டது. அதில் ஆல்டர்னேட்டர் மின்சாரம் நேராகப் பொறிச் சுருளுக்குச் செல்லும். அந்த நிலையில் கிளம்பி, வழக்கமான நிலையில் கிளம்பாத வண்டியில், பேட்டரிப் பக்கத்தையே முதலில் பார்க்க வேண்டும்.

இக்காலப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே எர்த்துடன் இணைக்கப்பட்டது. இதை அறியாமல் இன்றைய வழக்கப்படி எதிர்முனையை இணைத்தால் ரெக்டிஃபையர் எரிந்துபோகும். வண்டி ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிச் சார்ஜ் சோதிப்பதும் ஆபத்தானது. தாங்கிக்கொள்ளப் பேட்டரி இல்லாததால் மின்னழுத்தம் எகிறிப் பல்புகள் கருகிவிடும்.

1969இல் வந்த கவாசாகி எச்1 வண்டியில் மின்னணுப் பொறி அமைப்பு இடம்பெற்றது. இத்தகைய அமைப்புகளில் பிளக்கை எர்த்துடன் அழுத்தமாகச் சேர்க்காமல் பொறி பார்த்தால், உயர் மின்னழுத்தம் போக வழியின்றி மின்னணுப் பெட்டியையே கெடுக்கக்கூடும்.

சென்னையில் புல்லட்

இங்கிலாந்தின் ரெட்டிச் நகர் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. லூகாஸும் டிவிஎஸ் குழுமமும் இணைந்து 1961இல் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் ஆலை சென்னைப் பாடியில் அமைந்தது. இவ்வாறு பிரிட்டிஷ் வாகன மின்னமைப்பு தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்குப் பழக்கமானது. பிளக், பாயிண்ட், காயில், எர்த் ஆகிய சொற்கள் மெக்கானிக்குகளின் அன்றாடத் தமிழாயின.

புல்லட்டின் முகப்பு விளக்குக்கு மேலே இருக்கும் அம்மீட்டர் பலரும் கவனிக்காத ஒரு சோதனைக் கருவியாகும். விளக்கைப் போட்டதும் முள் எதிர்ப்பக்கம் சாய வேண்டும். என்ஜின் வேகம் கூடக் கூட நடுவுக்குத் திரும்பி நேர்ப்பக்கம் செல்ல வேண்டும். திரும்பாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. எல்லாவற்றையும் அணைத்த பின்னும் முள் எதிர்ப்பக்கம் நின்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது.

ஆறு வோல்ட்டும் எர்த்தும்

பழைய வண்டிகள் பல 6 வோல்ட்டில் இயங்கின. 36 வாட் விளக்கு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் 3 ஆம்பியரே இழுக்கும். துருப்பிடித்த இணைப்பு ஒன்றின் மின்தடை 0.1 ஓம் என்று கொள்வோம். 6 வோல்ட் வண்டியில் அந்த இடத்தில் ஏறத்தாழ 0.6 வோல்ட், அதாவது பத்தில் ஒரு பங்கு, வீணாகும். 12 வோல்ட் வண்டியில் வீணாவது ஏறத்தாழ 0.3 வோல்ட், அதாவது நாற்பதில் ஒரு பங்கு மட்டுமே. ஒரே அழுக்கு, நான்கு மடங்கு பாதிப்பு. 6 வோல்ட் விளக்குகள் மங்கலாக எரிவதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

மேலை நாடுகளில் லூகாஸ் நிறுவனத்தை 'இருளின் இளவரசர்' என்று கேலி செய்வது வழக்கம். ஆனால் பழி முழுவதும் உற்பத்தியாளருடையதன்று. அதிர்வால் தளர்ந்த இணைப்புகளும், துருவேறிய எர்த்தும், பராமரிப்பின்மையும் அதில் பங்கு பெறுகின்றன. புதுப்பித்த வண்டிகளில் வேறொரு தொல்லையும் உண்டு. சட்டத்துக்குப் பூசிய புதிய கெட்டியான பெயிண்ட், எர்த் ஒயர் பொருந்தும் இடத்தையும் மூடி மின்சாரத்தைத் தடுத்துவிடுகிறது. பளபளக்கும் வண்டி, கழுவித் துடைத்த அன்றே இருட்டில் நிற்கும்.

சோதனை வரிசை

முதலில் பேட்டரியை அளக்க வேண்டும். நன்கு சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும் 6 வோல்ட் பேட்டரி சுமார் 6.3 வோல்ட்டும், 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட்டும் காட்டும். அடுத்து ஃபியூஸ். அதன் பின் விளக்கை எரியவிட்டு, பேட்டரியின் எர்த் முனைக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் எர்த் சரியில்லை. அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். இவை சரியாக இருந்தால்தான் பாயிண்ட், கண்டென்சர், காயில் ஆகியவற்றுக்குச் செல்ல வேண்டும். பொறி பார்க்கும்போது அருகில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறித்துவைப்பது நல்லது. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றி வண்டி ஓடிவிட்டால், கெட்டது எது என்பது தெரியாமலே போகும். நல்ல பழைய மேக்னெட்டோ ஒன்று பழைய இரும்போடு எடைக்குப் போயிருக்கவும் கூடும்.