பழத்தை மறந்த சுல்தான்

பரிசு தேடும் மூளை: வரலாற்றுத் தொடர் - 4

(முன்கதை: 1898. பெட்டிக்குள் அடைபட்ட பசித்த பூனை முட்டி மோதி, தற்செயலாகத் தாழைத் தட்டிவிட்டு வெளியே வந்து உணவைத் தின்றது. பரிசு தந்த செயல்தான் பதிகிறது, இதில் யோசனைக்கு வேலையில்லை என்றார் அமெரிக்காவின் தார்ன்டைக். அது குரங்குக்கும் பொருந்துமா?)

1914. ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவு. பெர்லினில் இருந்த பிரஷ்ய அறிவியல் கழகம் அங்கே ஒரு மனிதக்குரங்கு ஆய்வு நிலையம் நடத்திவந்தது. சிம்பன்சிகள் வந்தது கேமரூனிலிருந்து. அன்று அது ஜெர்மனியின் காலனி. நிலையத்தின் தலைவர் வோல்ஃப்காங் கோஹ்லர், வயது 27. முந்தைய டிசம்பரில்தான் தீவில் வந்து இறங்கியிருந்தார்.

அவரிடம் இருந்த சிம்பன்சிகளில் கெட்டிக்காரன் சுல்தான். நம்மூரில் பி.எட். படித்தவர்களுக்கும் டெட் தேர்வுக்குத் தயாரானவர்களுக்கும் இவனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டு குச்சிகளை இணைத்தான், பழத்தை எடுத்தான், அதற்குப் பெயர் உட்காட்சி வழிக் கற்றல், ஒரு மதிப்பெண். ஆனால் அன்று நடந்தது அவ்வளவு சுருக்கமானதல்ல.

கம்பிக்கு வெளியே, கை எட்டாத தூரத்தில் வாழைப்பழங்கள். உள்ளே இரண்டு குழல் குச்சிகள்; ஒன்று மற்றதன் துளைக்குள் நுழையும் அளவுக்கு மெல்லியது. தனியாக எதுவும் பழத்தை எட்டாது. சுல்தான் ஒன்றை நீட்டிப் பார்த்தான். எட்டவில்லை. ஒரு பெட்டியைக் கம்பியருகே இழுத்து வந்தான். உதவாது என்று தள்ளிவிட்டான். பிறகு ஒரு குச்சியை வெளியே வைத்து, அதை இன்னொரு குச்சியால் மெல்ல மெல்லத் தள்ளினான். அதன் நுனி பழத்தைத் தொட்டேவிட்டது! தொட்டு என்ன பயன்? இழுக்க முடியாதே. கோஹ்லர் ஒரு குழலின் துளைக்குள் தன் விரலை விட்டுக் காட்டினார். அதுவும் அவனுக்கு உறைக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. இனி ஆகாது என்று கோஹ்லர் கிளம்பிப் போனார். காவலாளி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுல்தான் பெட்டிமேல் சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து குச்சிகளை எடுத்து, மறுபடி உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தான். கைக்கொன்றாகப் பிடித்திருந்த குச்சிகள் ஒரு கணம் நேர்கோட்டில் வந்தன. மெல்லியதை மற்றதற்குள் லேசாகச் செருகினான். அடுத்த நொடி துள்ளி எழுந்து, கம்பியை நோக்கி ஓடி, நீண்ட குச்சியால் பழத்தை இழுத்தான். காவலாளி போட்ட சத்தத்தில் கோஹ்லர் திரும்பி வந்தார். இணைப்பு கழன்று விழுந்தது. சுல்தான் உடனே மறுபடி செருகிக்கொண்டான்.

இதற்குப் பிறகு அவன் செய்ததைத்தான் தேர்வு வினாத்தாள் கேட்பதில்லை. ஒவ்வொரு பழமாக இழுத்துக்கொண்டே போனான், நின்று தின்னவில்லை. கோஹ்லர் குச்சிகளைப் பிரித்துவிட்டால் அந்தக் கணமே பொருத்தினான். எட்டத்தில் கிடந்த மற்ற பொருள்களையும் இழுத்தான்.

தார்ன்டைக் சொன்னபடி பழம்தான் பரிசு என்றால், கைக்கு வந்த பரிசை ஏன் தின்னவில்லை?

அந்த ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. கோஹ்லர் 1920 வரை தீவிலேயே சிக்கிக்கொண்டார். 1917இல் அவருடைய ஆய்வு ஜெர்மனியில் வெளிவந்தது: குரங்கு முட்டி மோதி மட்டும் கற்பதில்லை, சிக்கலின் முழு அமைப்பும் அதற்குச் சட்டென்று பிடிபடுகிறது என்பது அவர் வாதம். சட்டென்றா? 1945இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் பர்ச், பெரும்பாலும் குச்சி பிடித்துப் பழகாத சிம்பன்சிகளிடம் ஒரு குச்சியும் எட்டாத உணவும் வைத்தார். பெரும்பாலானவை திணறின. மூன்று நாள் குச்சிகளோடு விளையாட விட்டார். பிறகு எல்லாமே உணவை எடுத்துவிட்டன. அந்த மூன்று நாள் விளையாட்டுக்கு யாரும் பழம் தரவில்லை. ஆனாலும் கற்றல் நடந்திருக்கிறது.

அப்படியானால் மூளை எதைப் பரிசாகக் கணக்கு வைக்கிறது? வெளியே நின்று பார்ப்பவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மண்டைக்குள் போக வேண்டும். பின்னாளில் அப்படிப் போனவர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ். ஹைடல்பெர்க்கில் மருத்துவம் படித்து, கோட்டிங்கனில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஆய்வு செய்து, சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் அமைத்தவர். அவர் தேடிப் போனது பரிசை அல்ல, பார்க்கின்சன் நோயை. அந்த நோயில் நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன, உடல் அசைவு தடுமாறுகிறது. எனவே குரங்கு கையை அசைக்கும்போது இந்தச் செல்கள் துடிக்கும் என்று எதிர்பார்த்து, மிக மெல்லிய மின்முனையை இறக்கிக் காத்திருந்தார்.

கை அசைந்தது, பெரும்பாலான செல்கள் அசைவைக் கண்டுகொள்ளவே இல்லை. மூடிய பெட்டிக்குள் துழாவிய விரலில் உணவுத் துண்டு பட்டது. செல்கள் படபடவென்று துடித்தன!

சரி, பரிசைக் காட்டும் செல் கிடைத்துவிட்டது என்று கதையை முடித்திருக்கலாம். அடுத்த சோதனை அதற்கு விடவில்லை. விளக்கு எரியும், குரங்கு நெம்புகோலைத் தொட்டால் வாயில் சொட்டுப் பழச்சாறு விழும். முதலில் சாறு விழும்போது செல் துடித்தது. குரங்கு பழகப் பழக, துடிப்பு விளக்குக்கு இடம் மாறியது. ஹீரோ முகம் காட்டும் முன்பே, பின்னணி இசைக்கே நம் தியேட்டரில் விசில் பறக்குமே, அதுபோல. சாறு வழக்கம்போல வந்தது, குரங்கு குடித்தது, செல் சும்மா இருந்தது. எதிர்பார்த்தபடி கிடைத்த பரிசு அதற்குச் செய்தியே இல்லை.

பிறகு ஒரு முறை விளக்கு எரிந்தது. செல் துடித்தது. சாறு விழ வேண்டிய கணம் வந்தது. சாறு விழவில்லை.

மின்முனையோடு இணைந்த ஒலிபெருக்கியில் அந்தக் கணம் கேட்டது என்ன? அதற்கான விளக்கம் குரங்கு ஆய்வகத்தில் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவில் தேனீக்களைப் பற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களின் சமன்பாட்டில் இருந்தது. அவர்களில் ஒருவர் பின்னாளில் ஜெர்மனியின் டூபிங்கனில் ஒரு மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் இயக்குநராகப் போகிறார். தேனீக்கும் குரங்குக்கும் என்ன சம்பந்தம்?

(அடுத்த வாரம் பார்ப்போம்)