கரிசலில் இடரின் பங்கீடு: பருத்தியும் பாஸ்பரசும்

சிவகாசித் தொழிலின் வரலாற்றை, 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து தொடங்குவது வழக்கம். முதலீட்டின் வரலாறாக அது சரியே. ஆனால் தொழிலின் இடரை யார் தலையில் இறக்கி வைப்பது என்ற ஏற்பாடு, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இக்கரிசல் மண்ணில் வடிவம் பெற்றுவிட்டது என்பது என் வாதம்.

1861 ஏப்ரலில், அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும், தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட லிங்கன் ஆணையிட்டார். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு முக்கால் பங்குக்கு மேல் பஞ்சு அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. 1864க்குள் லிவர்பூல் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. போருக்கு இருபதாண்டு முன்னரே கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தோட்டக்காரர்களை வரவழைத்து, கோவையில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் மேற்பார்வையில் அயல் ரகங்களை விளைவிக்க முயன்றது, பெரிதாக எடுபடவில்லை. பண்ணை ஆராய்ச்சி சாதிக்காததை விலை சாதித்தது. சென்னை மாகாணத்தில் பருத்திப் பரப்பு கூடியது.

விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தூர்ப் பக்கத்துப் பஞ்சு மாட்டு வண்டிகளில் தூத்துக்குடிக்குப் போனது. வழியில் வழிப்பறிப் பயம். அதற்காக நாடார் வணிகர்கள் கட்டியவையே பேட்டைகள்: சுற்றிலும் மதில், உள்ளே கிணறு, வண்டியை அவிழ்த்துவிட்டு இரவைக் கழிக்க இடம். செலவுக்கு மகமை. வருகிற சரக்குக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வணிகரும் பொதுநிதிக்குத் தந்தார். ஊர்ச் சாதிச் சபையான உறவின்முறை அதை நிர்வகித்தது. பள்ளிக்கூடங்களும் பின்னர் அந்த நிதியிலேயே எழுந்தன. தனியொருவரை ஒழித்துவிடக்கூடிய நட்டத்தைப் பலர் தோளில் பரப்பிய நேர்த்தியான அமைப்பு அது. அதன் வாசலுக்குள் வணிகருக்கு மட்டுமே இடம் இருந்தது. 1865இல் போர் முடிந்து விலை சரிந்தபோது, முன்பணம் வாங்கிப் பருத்தி போட்ட சம்சாரிக்கு அத்தகைய பொதுநிதி எதுவும் இல்லை. தூத்துக்குடிக்கு ரயில் வந்த 1876இலேயே மழையும் பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. பஞ்சு மூட்டையைத் தின்ன முடியாது.

இதே நூற்றாண்டில் வேதியியலிலும் ஓர் இடர் மாற்றம் நடந்தது. வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி, அதைச் செய்தவர்களின் தாடை எலும்பை அரித்தது. 1840களில் வியன்னாவில் ஷ்ரோட்டர் சிவப்புப் பாஸ்பரசை இனங்கண்டார். ஸ்வீடனின் பாஷ் 1844இல் பாதுகாப்புத் தீக்குச்சிக்குக் காப்புரிமை பெற்றார். லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதை ஆலைச் சரக்காக்கினர். நுட்பம் எளிது. பொட்டாசியம் குளோரேட் குச்சியின் தலையில். சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில். உரசும்வரை இரண்டும் சேராது. இந்தியா 1913இல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைச் சட்டத்தால் தடை செய்ததால், சிவகாசி தொடங்கும்போதே தாடை நோயிலிருந்து தப்பியிருந்தது. இது சிறிய நன்மையல்ல.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: தீப்பெட்டியை வளர்த்தது 1922இல் இறக்குமதித் தீப்பெட்டி மீது உயர்த்தப்பட்ட சுங்க வரியும் மழையற்ற பூமியின் மலிவான கூலியும்தானே, பருத்திக்கு அதில் என்ன வேலை? வரி, சந்தையைத் திறந்தது, மறுக்கவில்லை. திறந்த சந்தைக்குள் நுழையக் கடனும் நம்பிக்கையும் வணிகத் தொடர்பும் யாரிடம் இருந்தன என்பதை வரி விளக்காது. மலிவான கூலி ஏன் மலிவாக இருந்தது என்பதையும் விளக்காது. பருத்தி வணிகம் வளர்த்த மகமையும், பொதுநிதியற்று நின்ற சம்சாரியின் நிலையும்தான் இவற்றை விளக்கும்.

சிவகாசியின் இன்னொரு தொழிலான பட்டாசுக்கு வந்தால், பாஷ் செய்த பிரிவினையே சாத்தியமில்லை. எரிபொருளும் ஆக்சிஜன் தரும் உப்பும் ஒரே குழாய்க்குள் அடைபட வேண்டும். ஆகவே சரக்குக்குள் இயலாத பிரிவினையை விதிகள் கட்டடத்துக்குள் கொண்டுவந்தன: மருந்து கலக்கும் அறை தனி, செலுத்தும் அறை தனி, இடையே இடைவெளி, அறைக்குச் சில பேர் மட்டும். உரிமம் பெற்றவரிடமிருந்து ஆலை உள்குத்தகையில் அறை அறையாகக் கைமாறும்போது இந்த இடைவெளிதான் முதலில் காணாமற்போகிறது. அறை வாடகை எடுத்தவர் ஆளையும் மருந்தையும் கூட்டித்தான் இலாபம் பார்க்க முடியும்.

12.2.2021 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து, குறைந்தது 19 பேர் இறந்தனர். மத்திய, மாநில அரசுகள் நிவாரணம் அறிவித்தன. அது தொழில் தன் சரக்கிலிருந்து ஒதுக்கிய பணமல்ல. சரக்குக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பொதுநிதி ஒதுக்கும் கணக்கு இவ்வட்டாரத்துக்குப் பழக்கமானதுதான். அந்தக் கணக்கில் 1865இல் சம்சாரியின் பெயரும் எழுதப்படவில்லை, பின்னர் மருந்து செலுத்துகிறவரின் பெயரும் எழுதப்படவில்லை.