காஞ்சி மன்னரும் கைப்பேசிப் படமும்



சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒரு நாள், கல்லூரி மாணவர் இருபதின்மரை அழைத்துக்கொண்டு காஞ்சிக் கைலாசநாதர் கோயிலுக்குச் சென்றிருந்தேன். இரவு பெய்த மழை ஓய்ந்திருந்தது. மணற்கல்லில் வடித்த சிற்பங்கள் இன்னும் ஈரம் உலராமல் நின்றன. மாணவர் ஒருவர் திருச்சுற்றில் உள்ள சிற்றாலயம் ஒன்றின் முன் நின்று, கைப்பேசியை நீட்டித் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொண்டார். சிறிது நேரங் கழித்து அப்படத்தை என்னிடம் காட்டினார். அவர் முகம் சற்று வெளுத்திருந்தது. மேகம் மூடியிருந்த வானம் படத்தில் நீலமாக விளங்கியது. அவருக்குப் பின்னால் திருச்சுற்றைப் பெருக்கிக்கொண்டிருந்த மூதாட்டியை மட்டும் காணவில்லை.

“அந்த அம்மையார் எங்கே, தம்பி?” என்று கேட்டேன்.

“அழித்துவிட்டேன், ஐயா. விரலால் தொட்டால் போதும். அந்த இடத்தைக் கல்லைப் போலவே அது நிரப்பிவிடும்” என்றார்.

அதற்குள் படம் இணையத்தில் ஏறிவிட்டது. பலர் விருப்பமும் தெரிவித்துவிட்டனர். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. காரணம், அவர் நின்ற அதே திருச்சுற்றில், ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசன் தன்னைப் பற்றித் தானே விளம்பரம் செய்துகொண்டிருந்தான். அவ்வரசனைப் பற்றியும், அவனுக்கு முன்னும் பின்னும் வந்தோரைப் பற்றியும் இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

பல்லவர் காலத்தில் ஒளிப்படக் கருவி இல்லை. ஆயினும், தம் உருவம் உலகில் நிலைக்க வேண்டும் என்னும் ஆசை அக்காலத்து மன்னருக்கும் இருந்தது. மாமல்லபுரத்து ஆதிவராகக் குகைக்கோயிலில் இரண்டு அரசர், தம் தேவியரோடு சிற்ப வடிவில் காட்சி தருகின்றனர். ஒருவர் அமர்ந்திருக்கிறார், மற்றவர் நின்றிருக்கிறார். அவர்கள் யாவர் என்பதை முகத்தைக் கொண்டு நாம் அறியவில்லை. மேலே பொறித்துள்ள சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்னும் பெயர்களைக் கொண்டே அறிகிறோம். பல்லவர் குடியில் ஒரே பெயரைத் தாங்கியோர் பலர் ஆதலின், இவர்கள் எந்தச் சிம்மவிஷ்ணு, எந்த மகேந்திரன் என்பதில் அறிஞர் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர். முகம் அழகுக்கு, பெயர் அடையாளத்துக்கு என்பதே அக்கால வழக்கம்.

ஆகவே, மன்னர் தம் புகழைப் பரப்பப் பெயர்களையே பெரிதும் நம்பினர். கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் தனக்குச் சூட்டிக்கொண்ட விருதுப்பெயர்கள் பல. விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன், சத்துருமல்லன் என்பன அவற்றுட் சில. ஓவியருள் புலி என்று பொருள்படும் சித்திரகாரப்புலி என்பதும் அவற்றுள் ஒன்று. மண்டகப்பட்டுக் குகையில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றி நான்முகனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இக்கோயிலை எடுப்பித்தவன் விசித்திரசித்தன் என்று கல்லில் எழுதி வைத்தான். அது தற்புகழ்ச்சியே, எனினும் குகை அங்கே கண்ணெதிரே நிற்கிறது. எழுதியதும் செய்ததும் ஒத்திருக்கின்றன.

இனிக் கைலாசநாதர் கோயிலுக்கு வருவோம். இதை எடுப்பித்தவன் இரண்டாம் நரசிம்மவர்மன் எனப்படும் இராசசிம்மன். கி.பி. 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவன் ஆட்சி நடந்தது. கோயிலைச் சுற்றியுள்ள மதிலின் உட்புறம், 58 சிற்றாலயங்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் மீது அவன் விருதுப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன; அவை இருநூற்றுக்கும் மேற்பட்டவை. இரணசயன், அத்தியந்தகாமன், ஆகமப்பிரியன், சங்கரபக்தன் எனப் பட்டியல் நீள்கிறது. வீணை வாசிப்பதில் தான் நாரதனுக்கு நிகர் என்றும் ஒரு பெயரால் சொல்லிக்கொள்கிறான். சில சிற்றாலயங்களில் அதே பெயர்கள் கிரந்த எழுத்திலும் நாகரி எழுத்திலும், கொடி போல் வளைந்து செல்லும் அணியெழுத்திலும் அடுக்கடுக்காகத் திரும்ப வருகின்றன. வடபுலத்திலிருந்து வருவோரும் தென்புலத்தாரும் ஒருங்கே படிக்க வேண்டும் என்பது அவன் கருத்தாக இருக்கலாம். ஒரே படத்தைப் பல தளங்களில் வெளியிடும் இக்காலத்து இளைஞருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இப்பெயர்களைக் கொண்டு இராசசிம்மன் உண்மையில் எத்தகையவன் என்று முடிவு செய்யலாமா? இயலாது. தான் எப்படிக் காணப்பட வேண்டும் என்று அவன் விரும்பினான் என்பதையே அவை கூறுகின்றன. அதுவும் ஒரு வரலாற்றுச் செய்திதான். ஆனால், அதனை வேறு செய்தியாக மயங்கிக் கொள்ளுதல் கூடாது.

அதே கோயிலின் மண்டபத் தூண் ஒன்றில் மற்றொருவன் எழுத்தும் உண்டு. அது கன்னட மொழியில் அமைந்தது. எழுதுவித்தவன் பல்லவரின் பகைவனான சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன். முன்னர், கி.பி. 642இல், முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியைக் கைப்பற்றி, அந்நகரின் பாறையில் தன் வெற்றியைப் பொறித்துச் சென்றான். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். அவன் நகரை அழிக்கவில்லை. இராசசிம்மேசுவரத்தின் செல்வத்தைக் கண்டு, அதனை இறைவனுக்கே திருப்பி அளித்ததாகத் தூணில் எழுதுவித்தான்.

இதில் அவனுடைய பெருந்தன்மை தெரிகிறது. உடன் அவனுடைய விளம்பரமும் தெரிகிறது. தோற்றவன் கோயிலில், தன் மொழியில், தன் கொடையை எழுதுதல் வெறுங்கொடை அன்று. பட்டடக்கல்லில் அவன் தேவி லோகமகாதேவி எழுப்பிய கோயில், தன் கணவன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாக எழுந்தது என்பதையும் இங்கே கருதுக. ஆயினும், கைலாசநாதர் கோயில் செல்வம் மிக்கது, பகைவனும் மதித்துப் போற்றத்தக்கது என்பதற்கு, இராசசிம்மனின் இருநூறு பெயர்களைக் காட்டிலும் இந்த ஒரு தூண் வலிய சான்றாகும். நம்மைப் பற்றி நாம் எழுதுவதைவிட, நமக்கு வேண்டாதவர் எழுதுவது அதிக எடை உடையது அல்லவா?

இனி நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். காஞ்சியில் வைகுந்தப்பெருமாள் கோயில் என்று மற்றொரு கோயில் உண்டு. ஆழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரம் அதுவே. இதனை எடுப்பித்தவன் இரண்டாம் நந்திவர்மன் ஆகிய பல்லவமல்லன். அதன் உட்சுற்றுச் சுவர் முழுவதும், பல்லவர் குலத்தின் கதை தொடக்கமுதல் சிற்பவரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. முடிசூட்டு, போர், தூது, அரசவை என்று காட்சிகள் தொடர்கின்றன. இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து விளக்கியவர் முனைவர் சி. மீனாட்சி அம்மையார். அவர் 1940இல் மறைந்தார். அவருடைய ஆய்வு மறு ஆண்டு தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது.

இச்சிற்பங்களுட் சிலவற்றின் கீழ் விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. அது கூறும் கதை இது: இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபின் நாட்டுக்கு அரசன் இல்லை. அமைச்சரும் கடிகையாரும் நகர மாந்தரும் திரண்டு, பல்லவர் குடியின் மற்றொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் சென்றனர். அவனுக்கு மைந்தர் நால்வர். சீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன் ஆகிய மூவரும் அரசு வேண்டா என்று மறுத்தனர். இளையவனாகிய பல்லவமல்லன் ‘நான் போவேன்’ என்றான். அவனுக்கு அப்பொழுது வயது 12. தந்தை கலங்கினான், பெரியோர் தேற்றினர். சிறுவன் மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சிக்கு வந்தான். யானைமீது ஏற்றி அவனை நகருக்குள் அழைத்துச் சென்றனர்.

பன்னிரண்டு வயதுச் சிறுவனை மக்கள் தேர்ந்தெடுத்து அரசனாக்கினர் என்னும் இக்கதை எவர் மனத்தைத்தான் கவராது! நானும் பல ஆண்டுகள் வகுப்பறையில் இதனை அப்படியே பாடமாகச் சொல்லி வந்தேன். காஞ்சியில் பிறந்தவன் என்ற பெருமிதமும் அதில் கலந்திருந்தது. சிற்பத்தைச் செதுக்கச் சொன்னவன் யார் என்ற எளிய கேள்வியை நான் கேட்கவில்லை. அரியணையில் அமர்ந்த பல்லவமல்லனே அதைச் செதுக்குவித்தவன்.

பிற்பாடு அவனுடைய செப்பேடுகளைக் கருத்தூன்றிப் படித்தேன். உதயேந்திரத்துச் செப்பேடு அவனது 21ஆம் ஆட்சியாண்டுக்குரியது. அது பல்லவமல்லனைப் பரமேசுவரவர்மனின் மகன் என்றே கூறுகிறது. காரைக்காலை அடுத்த காசாக்குடியில் கிடைத்த செப்பேடு 22ஆம் ஆண்டுக்குரியது. அதுவோ, அவன் சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழியில் வந்த இரணியவர்மனின் மகன் என்றும், குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்றும் கூறுகிறது. ஓர் ஆண்டு இடைவெளியில் ஒரே அரசனுக்கு இரண்டு தந்தையர்! மகன் என்பதற்குத் தத்துப்பிள்ளை என்று பொருள் கொள்வாரும் உளர். எப்படியாயினும், தன் உரிமையைப் பலவாறு எடுத்துக்காட்ட வேண்டிய நெருக்கடி அவ்வரசனுக்கு இருந்தது என்பது தெளிவு.

அந்நெருக்கடி யாது என்பதையும் உதயேந்திரத்துச் செப்பேடே உணர்த்துகிறது. நந்திபுரத்தில் பல்லவமல்லனைத் தமிழ் வேந்தர் முற்றுகையிட்டனர். அவனைக் காத்தவன் படைத்தலைவன் உதயசந்திரன். அப்போரில் உதயசந்திரன் தன் கையால் ஒருவனைக் கொன்றான். அவன் பெயர் சித்திரமாயப் பல்லவராசன். இச்சித்திரமாயன் யார்? இறந்த பரமேசுவரவர்மனின் மகனாக இருக்கலாம் என்று கருதும் அறிஞரும் உண்டு. அது உறுதியன்று. ஆனால் பல்லவன் என்னும் பெயர் தாங்கிய ஒருவன் எதிரணியில் நின்றான் என்பது உறுதி. கோயிற் சுவரின் விளக்கத்தில் யாவரும் ஒருமனமாக வந்து சிறுவனை அழைக்கின்றனர். அரசு வேண்டும் என்று எதிர்த்து நின்ற பல்லவன் அவ்விளக்கத்தில் இல்லை.

எனக்குத் திருச்சுற்றைப் பெருக்கிய மூதாட்டி நினைவுக்கு வந்தது இதனால்தான்.

படத்தைத் திருத்துதல் கைப்பேசியோடு பிறந்த தொழில் அன்று. 1839இல் ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1850களின் பிற்பகுதியில் சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைப் படம் எடுத்தார். அக்காலத்துப் படத்தாளில் வானம் வெறிச்சென்று விழும் ஆதலால், அவர் மூலத்தாளில் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். பின்னர் நம் ஊர்களில் தோன்றிய படக்கடைகளிலும், பென்சிலால் முகச்சுருக்கத்தை மறைத்துக் கொடுத்தனர். 1990இல் போட்டோஷாப் வந்தது. 2010இல் இன்ஸ்டாகிராம் வந்தது. முன்னர் அரசருக்கும் பின்னர்ச் செல்வருக்கும் மட்டுமே கிடைத்த வசதி இன்று யாவர் கையிலும் இருக்கிறது. அதனை நான் வெறுக்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் குடும்பத்துப் பெண் ஒருவர் தாம் நெய்த சேலையைப் படம் எடுத்து, இடையில் எவரும் இன்றித் தொலைவூர்க்கு விற்க முடிகிறது. இது நன்மையே. தம் தொழிலைத் தாமே எடுத்துச் சொல்லுதல் குற்றம் ஆகாது.

ஆயினும், அதே கைப்பேசியில் விசைத்தறித் துணியையும் நிறம் ஏற்றிக் காஞ்சிப் பட்டென்று காட்டலாம். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005ஆம் ஆண்டு முதற்கொண்டு புவிசார் குறியீடு உண்டு. ஆனால் படம் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாதே! இதற்கு என் அண்டை வீட்டு நெசவாளர் ஒரு வழி சொன்னார். கோர்வைச் சேலையில் உடலும் இரு கரைகளும் மூன்று நாடாக்களால் தனித்தனியே நெய்யப்பட்டு, சேருமிடத்தில் இழையோடு இழை கோத்துப் பின்னப்படுகின்றன. அதற்கு நெய்பவரோடு உதவியாள் ஒருவரும் வேண்டும். “முன்புறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சேலையைத் திருப்பிப் பாருங்கள், ஐயா; உழைப்பு மறுபுறத்தில் தெரியும்” என்றார் அவர்.

வரலாறு பயிலும் உங்களுக்கு இதைவிட நல்ல பாடம் என்னால் சொல்ல இயலாது. ஒரு படத்தைக் கண்டால் அதனைத் திருப்பிப் பாருங்கள். இதைச் செய்வித்தவர் யார்? யார் பார்க்க வேண்டும் என்று செய்வித்தார்? இதில் இல்லாதவர் யார்? வேறொருவர் இதே நிகழ்ச்சியை எப்படிச் சொல்கிறார்? பல்லவமல்லன் காலத்துச் சிற்பத்துக்கும் உங்கள் கைப்பேசிப் படத்துக்கும் இக்கேள்விகள் ஒன்றே.

அன்று அம்மாணவரிடம் ஒன்றே ஒன்று வேண்டினேன். “திருத்திய படம் உம்முடைய விருப்பம், ஆனால் மூலப் படத்தை அழித்துவிடாதீர். நாளும் இடமும் குறித்து வைத்துக்கொள்ளும்” என்றேன். கைலாசநாதர் கோயிலின் கன்னடத் தூணைப் பின்வந்தவர் செதுக்கி எறிந்திருந்தால், உதயேந்திரத்துச் செப்பேட்டை உருக்கியிருந்தால், அரசர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரிந்திராது. அம்மாணவர் கைப்பேசியில் தேடி மூலத்தை எடுத்துக் காட்டினார். அதில் வானம் சாம்பல் நிறமாக இருந்தது. அவருக்குப் பின்னால் மூதாட்டி குனிந்து, மழையில் உதிர்ந்த இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் நடந்து வந்த தரை தூய்மையாக இருந்ததன் காரணம் அந்தப் படத்தில்தான் இருந்தது.