விழுப்புண் சின்னங்கள்

போர்க்களத்தில் முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றினர் தமிழ்ச் சான்றோர். முதுகில் பட்டதைப் புறப்புண் என்று இகழ்ந்தனர். புண்பட்ட வீரனைச் சிறப்பிக்கும் வழக்கம் பிற நாடுகளிலும் உண்டு. முதல் உலகப் போரின் இறுதியாண்டில், 1918 மார்ச் 3ஆம் நாள், ஜெர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம் தம் படையினருக்கென ஒரு காயச் சின்னத்தை ஏற்படுத்தினார். புண் முன்னே பட்டதா, பின்னே பட்டதா என்று அது வினவவில்லை. பீரங்கிக் குண்டு நாற்புறமும் வெடித்துச் சிதறும் போரில் அவ்வினாவுக்குப் பொருளும் இல்லை. இச்சின்னங்களைச் சேகரிப்போர் பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் தேடும் அரிய வகைகள் எவை, அவற்றின் அருமை எதனால் விளைந்தது என்பதை இங்கே நோக்குவோம்.

சின்னத்தின் அமைப்பு எளியது. நீள்வட்டமான தகட்டின் நடுவே எஃகுத் தலைக்கவசம், அதன் பின்னே குறுக்காக இரண்டு வாள்கள், சுற்றிலும் இலைமாலை. ஓரிரு முறை காயமுற்றோர்க்குக் கறுப்பு; மூன்று நான்கு முறை காயமுற்றோர்க்கு வெள்ளி நிறம்; ஐந்தும் அதற்கு மேலும் ஆனோர்க்குப் பொன்னிறம். அதே ஆண்டு ஜூன் மாதம் கடற்படையினருக்குத் தனி வடிவம் ஒன்று பிறந்தது. அதில் தலைக்கவசம் இருந்த இடத்தில் நங்கூரமும், மாலை இருந்த இடத்தில் நங்கூரச் சங்கிலியும் விளங்கின.

அரசு வழங்கிய சின்னத்தோடு மனநிறைவு பெறாதோர் தம் செலவில் வேறொன்று வாங்கி அணிந்தனர். உருவங்களுக்கு இடைப்பட்ட தகட்டை அறுத்து நீக்கி, வேலைப்பாடு துலங்கச் செய்த சின்னங்கள் இவ்வகையின. சேகரிப்போர் விரும்பும் வேறுபாடுகளுள் இதுவும் ஒன்று.

1939 செப்டம்பர் முதல் நாள் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அன்றே ஹிட்லர் இச்சின்னத்தைப் புதுப்பித்தார். நம் நாட்டில் மங்கலக் குறியாக விளங்கும் ஸ்வஸ்திகத்தை ஒத்த வடிவம், அங்கே நாஜிக் கட்சியின் அடையாளமாகத் தலைக்கவசத்தின் மேல் ஏறியது. கையோ, காலோ, ஒரு கண்ணோ இழந்தவர்க்கு ஒரே காயத்திலேயே வெள்ளிச் சின்னம் கிட்டியது. இரு கண்ணும் இழந்தவர்க்குப் பொற்சின்னம். வான்குண்டு வீச்சு மிகுந்த 1943ஆம் ஆண்டு முதல் காயமுற்ற குடிமக்களும் அதைப் பெற்றனர். போர் நீள நீள நல்ல உலோகம் அருகியது. பித்தளை வகை உலோகங்கள் போய்த் துத்தநாகம் வந்தது. ஆகவே உலோகத்தையும், பின்புற ஊசியையும், செய்தவரின் குறியெண்ணையும் கொண்டு ஒரு சின்னத்தின் காலத்தைக் கணிக்கின்றனர்.

எல்லாவற்றினும் அரியது 1944இல் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 20ஆம் நாள், கிழக்குப் பிரஷ்யாவில் இருந்த ஹிட்லரின் தலைமையகத்தில் ஸ்டாஃபன்பெர்க் என்னும் படையதிகாரி வைத்த குண்டு வெடித்தது. ஹிட்லர் தப்பினார். அங்கே இறந்தோரும் காயமுற்றோருமாகிய 24 பேருக்கென, அந்நாளின் தேதியும் ஹிட்லரின் கையொப்பமும் பொறித்த தனிச் சின்னம் செய்யப்பட்டது. இருபத்து நான்கு பேருக்கே உரியதென்றால் அதற்கு விலை எத்தகையது, போலிகள் எத்தனை என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

மேற்கு ஜெர்மனி 1957இல் இயற்றிய சட்டம், நாஜி அடையாளம் நீக்கப்பட்ட வடிவிலேயே பழைய விருதுகளை அணிய இசைவு தந்தது. வெறும் தலைக்கவசத்தோடு மீண்டும் வார்க்கப்பட்ட அவையும் இன்று ஒரு தனி வகை.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். பொற்சின்னம் அரிது என்கிறோம். ஏன் அரிது? ஐந்து முறை புண்பட்டும் உயிர் பிழைத்தவர் சிலரே என்பதனால். அருமைக்கு இங்கே அளவுகோல் மனிதனின் துன்பமே.

மற்றொன்றும் உண்டு. முதற்போரில் ஜெர்மனிக்காகச் சுமார் ஒரு லட்சம் யூதர் போரிட்டனர். அவருள் ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். காயச் சின்னம் பெற்ற யூதரும் இருந்தனர். யூத இனத்தையே அழிக்கும் ஏற்பாடுகளை ஒருங்கிணைக்க 1942 ஜனவரியில் வான்சேயில் அதிகாரிகள் கூடினர். முதற்போரில் கடுங்காயமுற்ற யூதரையும், இரும்புச் சிலுவையின் முதல் வகுப்பைப் பெற்றவரையும் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்புவதென அங்கே வகுத்தனர். நாட்டிற்காகச் சிந்திய குருதிக்கு அந்நாடு காட்டிய சலுகை அவ்வளவே. அங்கே பசியாலும் நோயாலும் மடிந்தோர் பல்லாயிரவர். எஞ்சியோருள் பலர் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

ஆதலின், சின்னத்தைக் கையில் எடுப்போர் உலோகத்தை ஆராய்வதோடு அமையலாகாது. அதனுடன் வழங்கிய சான்றிதழ் கிடைத்தால் பெயர் தெரியும், படைப்பிரிவு தெரியும், காயமுற்ற நாள் தெரியும். பெயரறியாப் பொற்சின்னத்தைவிட, உரியவர் இன்னார் என்று தெரிந்த ஒரு கறுப்புத் தகடு வரலாற்றுக்கு மிகுதியாக உதவும். அவர் எங்கே போரிட்டார், எந்த ஆட்சிக்குத் துணை நின்றார், பின்னர் அவருக்கு என்ன நேர்ந்தது என்று தேடும்போதுதான் சேகரிப்பு வரலாறாகின்றது.