மாமா கூப்பிடும் முன்பே தெரிய வேண்டும்: சர்வர் கண்காணிப்பை அமைப்பது எப்படி?

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். கிள்ளான், ஜாலான் தெங்கு கிளானாவில் துணிக்கடை வைத்திருக்கும் உங்க மாமா, ஆன்லைன் ஆர்டர் பக்கத்தை உங்க பொறுப்பில் விட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்க. சனிக்கிழமை இரவு பக்கம் திறக்கவில்லை. வாடிக்கையாளர் மாமாவைக் கூப்பிட்டு, மாமா உங்களைக் கூப்பிட்ட பிறகுதான் விஷயம் தெரிகிறது. அதற்குள் ஆர்டர் வேறு கடைக்குப் போயிருக்கும்.

இதற்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேணாம். உங்க சர்வரில் உபுண்டு ஓடினால், ‘காக்பிட்’ என்ற இலவச மென்பொருளை ஒரே கட்டளையில் நிறுவலாம். அது 9090 போர்ட்டில் இயங்கும். சர்வரில் உங்களுக்கு இருக்கும் அதே பயனர் பெயர், கடவுச்சொல்லோடு பிரவுசரிலேயே உள்ளே போகலாம். நேற்றிரவு என்ன நடந்தது என்ற வரைபடமும் வேண்டுமென்றால், பி.சி.பி. தொகுப்பையும் சேர்த்து நிறுவுங்க.

ஒரு நிமிடம். காக்பிட்டில் வரைபடம் மட்டுமல்ல, டெர்மினலும் இருக்கிறது. கடவுச்சொல்லைக் கண்டுபிடிப்பவர் கையில் மொத்த சர்வரும் போய்விடும். அதனால் ஃபயர்வாலில் 9090-ஐ வெளியுலகத்துக்கு மூடிவிடுங்க. எஸ்.எஸ்.எச். டனல் வழியாக, உங்க லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட் முகவரியில் மட்டும் திறந்து பாருங்க. பலர் “அப்புறம் பார்த்துக்கலாம்”னு விடுவது இந்த இடத்தைத்தான்.

இனி எண்கள். இரண்டு சிபியு உள்ள சர்வரில் லோடு 2 என்றால் இரண்டு கவுண்டரும் நிறைந்துவிட்டன. 6 என்றால் நாலு பேர் வரிசையில். பிரிக்ஃபீல்ட்ஸ் வாழை இலை சாப்பாட்டுக் கடையில் மதியம் ஒரு மணி மாதிரி. கொஞ்ச நேரம் அப்படி இருந்தால் பரவாயில்லை. நினைவகம் நிறைந்த மாதிரி தெரிந்தாலும் உடனே பதறாதீங்க. சும்மா கிடக்கும் இடத்தை லினக்ஸ் கேஷாகப் பயன்படுத்தும். ‘அவைலபிள்’ எண்ணைத்தான் பார்க்கணும்.

உண்மையில் பயப்பட வேண்டியது டிஸ்க். லாக் கோப்புகள் சத்தமில்லாமல் வளர்ந்து இடத்தை நிரப்பிவிடும். அப்புறம் டேட்டாபேஸால் ஒரு ஆர்டரைக்கூட எழுத முடியாது.

ஆனால் இரவு இரண்டு மணிக்கு யார் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? வடிகால், நீர்ப்பாசனத் துறையின் ‘பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்’ தளத்தை நினைத்துப் பாருங்க. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆற்றின் நீர்மட்டத்தை அது வெறும் மீட்டரில் மட்டும் சொல்வதில்லை. சாதாரணம், வாஸ்பாடா, அமாரான், பஹாயா என்று படி பிரித்துச் சொல்கிறது. பஹாயா வந்த பிறகு சாமான்களை மேலே ஏற்றுவது கஷ்டம். டிஸ்க்குக்கும் அப்படித்தான். 80 விழுக்காட்டை வாஸ்பாடாவாக வைத்துக்கொள்ளுங்க.

எச்சரிக்கை அனுப்ப ‘அப்டைம் குமா’ என்ற இன்னொரு இலவச மென்பொருள் போதும். அதை அதே சர்வரில் போடாதீங்க. சர்வர் விழுந்தால் காவல்காரனும் சேர்ந்து விழுந்துவிடுவான். வீட்டில் இருக்கும் ராஸ்பெர்ரி பை, இல்லைன்னா வேறொரு சின்ன சர்வர் போதும். அது நிமிடத்துக்கு ஒருமுறை கடைப் பக்கத்தைத் தட்டிப் பார்க்கும். பதில் இல்லையென்றால் டெலிகிராமில் செய்தி வரும்.

டிஸ்க்குக்கு அதிலேயே ‘புஷ்’ வகை இருக்கிறது. இடம் 80 விழுக்காட்டைத் தாண்டாதவரை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சிக்னல் அனுப்பும் சிறு ஸ்கிரிப்டைக் கடை சர்வரின் கிரானில் போடுங்க. சிக்னல் நின்றால் கைப்பேசி ஒலிக்கும். புஷ் முகவரியைக் கடை சர்வர் எட்ட முடிகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்க. வீட்டு இணையத்தில் இது சிக்கலாகலாம்.

எல்லாம் முடிந்ததும், மாமாவிடம் சொல்லிவிட்டு, கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நீங்களே வெப் சேவையை நிறுத்திப் பாருங்க. இரண்டு மூன்று நிமிடத்தில் டெலிகிராம் ஒலிக்கலைன்னா, சரிசெய்ய உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.